கைப்பைக்குள் ஒரு கேமரா

அப்பா இறந்த அன்று காலை, வடமதுரைக் கடைவீதியில் ஸ்டுடியோக்காரர் என் தம்பியிடம் கேட்டது இதுதான்: "வேற நல்ல போட்டோ ஏதும் இல்லையா?" தம்பி கொண்டுபோன படம் வாக்காளர் அடையாள அட்டையில் இருந்தது. அதில் அப்பா யாரோ அதட்டியதைப் போல விழித்துக்கொண்டிருப்பார். அதைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானம் வைத்து, முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கி, சட்டம் போட்டுத் தந்தார்கள். மாலையோடு வைத்திருந்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் கும்பிட்டார்கள்.

எங்கள் வீட்டில் கேமரா இல்லாமலில்லை. சீட்டுப் பணம் எடுத்து ஆசையாக வாங்கிய டிஎஸ்எல்ஆர் ஒன்று, இரண்டு லென்ஸும் பிளாஷும் பையுமாக இரண்டரைக் கிலோ எடையில், பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தது. காதுகுத்து, வளைகாப்பு, ஆடித் திருவிழா என்றால் வெளியே வரும். அந்தப் படங்களில் எல்லோரும் இருக்கிறார்கள். அப்பா மட்டும் எங்கேயோ மூலையில், சாம்பார் வாளியோடு பந்தியில் குனிந்தபடி, பாதி முகமாக இருக்கிறார். விசேஷ வீட்டில் வேலை செய்கிற மனிதர்களுக்கு விசேஷப் படம் வாய்ப்பதில்லை. அவர் முகம் முகமாக இருந்ததெல்லாம் சாதாரண நாட்களில். திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுக்கும்போதும், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும், மத்தியானம் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போதும். அந்த நாட்களில் கேமரா பீரோவில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கைப்பையில் வைக்கிற அளவில் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். தினமும் பஸ்ஸில் திண்டுக்கல் போய் வருகிறவள் நான். டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் அது இடம் பிடித்து மூன்று வருடம் ஆகிறது. அது கொடுத்ததையும் கேட்டதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இப்போது தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது: செல்லிலேயே நல்லா வருதே, இது எதுக்கு?

எடை தாங்காமல் பிறந்ததுதான் சின்னக் கேமரா என்ற எண்ணமே. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் அரசாங்கத்துக்காக மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் படம் எடுக்க வந்தபோது சாமான்கள் மாட்டுவண்டிகளில் வந்தன. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்பவர் ஆஸ்துமாக்காரர். தகட்டுக் கேமராவைச் சுமந்து மேடேற முடியாமல், சினிமா பிலிமில் படம் எடுக்கும் ஒரு சின்னப் பெட்டியைச் செய்துகொண்டார். அதுதான் 1925-ல் லைக்கா என்ற பெயரில் கடைக்கு வந்தது. மூச்சு வாங்கிய ஒரு மனிதரின் கஷ்டத்தில் முளைத்த கருவி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

மிரர்லெஸ் என்ற பெயரில் உள்ள கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிஎஸ்எல்ஆருக்குள் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கும். லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அமுக்கினால் டபக்கென்று எழும்பி வழிவிடும். அது எழும்பி இறங்க இடம் வேண்டும். அதனால் நிக்கான் 1959-ல் கொண்டுவந்த எஃப் மவுண்டில், லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் பிலிமுக்கும் நடுவே 46.5 மி.மீ. இடைவெளி. கண்ணாடியை எடுத்துவிட்டால் அவ்வளவு ஆழம் தேவையில்லை. சோனியின் இ மவுண்டில் 18 மி.மீ.தான். 2008-ல் பானசோனிக் ஜி1 இந்த வழியைத் திறந்தது. 2020-ல் உலகக் கடைகளுக்குப் போன மிரர்லெஸ் கேமராக்களின் எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரைத் தாண்டியது. இன்று எங்கள் ஊர் மண்டபங்களில் கல்யாணம் எடுக்க வருகிறவர்கள் கையிலும் மிரர்லெஸ்தான் அதிகம் தெரிகிறது.

ஆனால் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒல்லியாகத் தெரிகிற பாடியைப் பார்த்து மயங்கக் கூடாது. மெலிந்தது பாடி மட்டும்தான். லென்ஸுக்கு இயற்பியல் விட்டுக்கொடுப்பதில்லை. 200 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8 அளவுக்குத் திறக்க வேண்டுமென்றால், 200-ஐ 2.8-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 71 மி.மீ. அகலத்துக்கு வெளிச்சம் நுழைய வாசல் வேண்டும். பின்னால் எந்தக் கேமரா இருந்தாலும் அந்த வாசல் சுருங்காது. முழு பிரேமுக்கான 70-200 லென்ஸ் ஒரு கிலோவைத் தொடும். 350 கிராம் பாடியில் அதை மாட்டினால் கத்தரிக்காய்க் காம்பில் பூசணிக்காயைக் கட்டியது போலிருக்கும். 35 மி.மீ. எஃப் 1.8 என்றால் வாசல் 19 மி.மீ. போதும், லென்ஸ் உள்ளங்கைக்குள் அடங்கும். ஆகவே சின்னக் கேமரா வேண்டுமா என்று கேட்பவர், ஒரே ஒரு சின்ன லென்ஸோடு வாழச் சம்மதமா என்றுதான் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் சம்மதித்தேன். ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸ். கிட்டே வேண்டுமென்றால் நான்தான் நடக்க வேண்டும். முதல் ஆறு மாதம் மனசு அடித்துக்கொண்டது. பஸ் ஜன்னலில் இருந்து சிறுமலைமேல் மேகம் இறங்குவது தெரியும், படத்தில் சுண்டைக்காய் அளவு வரும். இப்போதும் அப்படித்தான் வருகிறது. அந்த மலையை நான் எடுப்பதை விட்டுவிட்டேன்.

படத்தைப் பிடிக்கும் சென்சாரின் அளவிலும் இதே பேரம்தான். முழு பிரேம் என்பது 36-க்கு 24 மி.மீ. பானசோனிக், ஒலிம்பஸ் வழியில் வந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3-க்கு 13, அதாவது பரப்பில் கால்வாசி. நடுவே சோனி, புஜி, கேனன், நிக்கானின் ஏபிஎஸ்-சி. மொட்டைமாடி வெயிலில் இவற்றின் படங்களை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு வரிசையாக வைத்தால் எது எதுவென்று என்னால் சொல்ல முடியாது. பொழுது சாய்ந்து, அடுப்படியில் ஒற்றை எல்இடி பல்பு எரியும்போது வித்தியாசம் தெரியும். நிழல் பகுதியில் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும். வீட்டு வெளிச்சத்தில் மனிதர்களை எடுக்கத்தான் வாங்குகிறோம் என்றால் ஏபிஎஸ்-சிக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கட்சி. முழு பிரேமுக்கு ஏறினால் லென்ஸும் விலையும் கூடவே ஏறும். பீரோ மறுபடியும் வாயைத் திறக்கும்.

இனி, நான் இந்தக் கருவியை விடாமல் வைத்திருப்பதற்கான காரணம். அது எங்கள் தோலின் நிறம்.

அம்மா நல்ல கருப்பு. நானும்தான். செல்லில் எடுத்தால் அம்மா அம்மாவாக வருவதில்லை. முகத்தைக் கண்டுபிடித்ததும் செல் தானாகவே வெளுப்பாக்கி, நெற்றிச் சுருக்கத்தைத் துடைத்து, மாவு பூசியது போல ஒருத்தியைக் கொடுக்கிறது. அழகாக்கும் வசதியை அணைத்து வைத்தாலும் பல செல்களில் அந்தப் புத்தி முழுதாகப் போவதில்லை. இது இன்றைய வியாதி இல்லை. கோடாக் நிறுவனம் 1950-களில் தொடங்கி வெகுகாலம், பிரிண்ட் போடும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அனுப்பிவந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கருத்த முகங்கள் சேற்றில் விழுந்ததுபோல வந்தால் அது அந்த முகங்களின் குறை என்று ஆனது. எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் டச்சப் என்ற பெயரில் நடந்ததும் அந்தக் குறையைத் தீர்க்கும் வேலைதான். அப்பாவின் படத்தில் நடந்ததும் அதுதான். செத்த பிறகும் மனிதரை அவர் நிறத்தில் இருக்க விடவில்லை.

கேமராவின் வெளிச்ச அளவிக்கு உலகம் முழுக்கச் சாம்பல் நிறம் என்று நினைப்பு. சுண்ணாம்புச் சுவருக்கு முன் அம்மா நின்றால், அடேயப்பா இவ்வளவு வெளிச்சமா என்று எல்லாவற்றையும் இருட்டாக்கும். முகம் காணாமல் போகும். அம்மாவின் முகத்தையே பிரேம் முழுக்க வைத்தால், இருட்டாக இருக்கிறதே என்று வெளுப்பாக்கும், கருப்பு சாம்பலாகும். டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் தெரிவது கண்ணாடி காட்டும் காட்சி. படம் எப்படி வரும் என்பது எடுத்த பிறகுதான் தெரியும். மிரர்லெஸ்ஸில் எடுப்பதற்கு முன்பே, வரப்போகிற படம் அதே வெளிச்சத்தில் கண்முன் நிற்கிறது. மேலே இருக்கும் சக்கரத்தை ஒரு படி கூட்டினால் முகம் எழுகிறது. முக்கால் படி குறைத்தால் அந்தக் கருப்புக்குள் இருக்கும் மினுமினுப்பு தெரிகிறது. எண்ணெய் வைத்த தலை, மூக்குத்திப் பொட்டு, நெற்றியில் வேர்வை. கண்ணாடி போனதால் வந்த பெரிய லாபம் எடைக் குறைவு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு இதுதான் லாபம். சின்னக் கேமரா வாங்குகிற யாரும் இந்தச் சக்கரம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெனுவுக்குள் நாலு கதவு தாண்டி ஒளிந்திருந்தால் அது அன்றாடத்துக்கு ஆகாது.

சத்தம் இல்லாததும் இன்னொரு வரம். தொட்டிலில் தூங்கும் பிள்ளையையும், தறியில் மனசைக் கொடுத்திருக்கிறவரையும் கலைக்காமல் எடுக்கலாம். ஆனால் சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டர் டியூப் லைட்டுக்கும் மலிவான எல்இடிக்கும் கீழே ஏமாற்றும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்குகிறது. ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும். 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள நான் பலிகொடுத்தது தங்கை மகளின் முதல் பிறந்தநாள்.

பறிகொடுத்ததையும் சொல்ல வேண்டும். சமவெளி வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு எந்தப் பின்பக்கத் திரையும் தெரியாது. நம் முகம்தான் அதில் தெரியும். சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 போன்றவற்றில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரே கிடையாது. வீட்டுக்குள் வீடியோ எடுப்பவர்களுக்கு அது குறையில்லை. களத்துமேட்டில் நிற்கிறவருக்குப் பெரிய குறை. சின்ன உடம்பு சூட்டையும் தாங்காது. 40 டிகிரி வரைதான் இயங்கும் என்று பெரும்பாலான கையேடுகளில் போட்டிருக்கும். கத்திரி வெயிலில் திண்டுக்கல் வட்டாரம் அந்தக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கும். 4கே வீடியோவைக் கால் மணி நேரம் ஓட்டினால் என்னுடையது சூடாகி அணைந்துவிடும். பேட்டரியும் சின்னது. நிக்கான் டி5600 ஒரு சார்ஜில் 970 படம் எடுக்கும் என்று கணக்கு; ரிக்கோ ஜிஆர் 3-க்கு 200. ஒரு உபரி பேட்டரி இல்லாமல் வெளியே போவதில்லை. யுஎஸ்பி வழியே பவர் பேங்கிலேயே சார்ஜ் ஏறுவது, மாதாந்திர மின்தடை நாட்களில் பெரிய ஆறுதல்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி ஆடிக்காற்று. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் சென்சாருக்கு முன் கண்ணாடியும் ஷட்டரும் காவல் இருக்கும். மிரர்லெஸ்ஸில் கழற்றினால் பல மாடல்களில் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். எங்கள் பக்கம் ஆடியில் செம்மண் பறக்கும். நூற்பாலைகளைச் சுற்றிப் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். சவுந்தரராஜப் பெருமாள் கோயில் தேர் நிலைக்கு வருகிற நேரத்தில், ஒரே லென்ஸ் என்றிருந்த நானே சபலப்பட்டுத் தெருவில் நின்று லென்ஸ் மாற்றிய அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு மாதம் படங்களில் வானமெல்லாம் கருப்புப் பொட்டு. கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்தேன். ஒரே லென்ஸோடு வாழ்வதற்கு இப்படியும் ஒரு நியாயம் கிடைத்தது.

சின்னக் கேமரா எதற்கு ஆகாது என்பதற்கு வடமதுரைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அய்யலூர் வனப்பகுதியையும் சேர்த்து, திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக 2022 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்கின் எடை கால் கிலோ போலத்தான், ஒரு ரிக்கோ ஜிஆர் கேமரா அளவு. ஆனால் அது வெளியே வருவது இரவில், இருப்பது கிளைகளுக்கு நடுவில், கண்களோ பிளாஷ் வெளிச்சத்துக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. ஆராய்ச்சியாளர்கள் சிவப்பு விளக்கோடு போகிறார்கள். அனுமதி வாங்கி, பெரிய லென்ஸும் பொறுமையும் கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன் நம் காட்டு உயிர்களைக் கருப்பு வெள்ளையில் எடுக்க, வேறு வேறு கேமராக்களின் உறுப்புகளை இணைத்துத் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டார். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரும் வைத்தார். யானைக்குப் பாண்டரோசா வேண்டும். அடுப்படிக்கு வேண்டாம்.

சரி, செல் போதாதா? ரேஷன் கார்டைப் படம் எடுக்க, கரண்ட் பில்லை அனுப்ப, வெயிலில் நிற்கும் பிள்ளைகளை எடுக்க செல் போதும், தாராளமாகப் போதும். எடுத்த நொடியில் வாட்ஸ்அப்பில் சித்திக்குப் போய்விடும். என் கேமராவில் இருந்து செல்லுக்கு ஒரு படத்தை மாற்ற வைஃபை ஆப்பைத் திறந்து, அது இணைகிறதா என்று காத்திருந்து, மறுபடி திறந்து, அதற்குள் கேட்டவர்கள் போயே போய்விடுவார்கள். இதில் செல்தான் ஜெயிக்கிறது. ஓடுகிற பிள்ளை, பொழுது சாய்ந்த வீடு, சுவரில் மாட்டுகிற அளவுக்கு ஒரு பிரிண்ட், தன் நிறத்தில் ஒரு முகம் என்று வரும்போது கேமரா. இந்த நாலில் ஒன்றும் உங்களுக்கு வேண்டாமென்றால் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஏனென்றால் பணம் கொஞ்சமில்லை. லென்ஸோடு புதிதாக வாங்க அரை லட்சம் போல எடுத்து வைக்க வேண்டும். அதற்குள்ளேயே 18 சதவீதம் ஜிஎஸ்டி. இன்ஸ்டாகிராமைப் பார்த்துவிட்டு என் அக்கா மகன் 2024-ல் வந்த புஜி எக்ஸ்100-6 வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான். 521 கிராம், 40 மெகாபிக்சல், கழற்ற முடியாத ஒரே லென்ஸ். அருமையான கருவிதான், சந்தேகமில்லை. விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு கறவை மாடும் கன்றும் வாங்கலாம் என்று அக்கா சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. கல்யாணம் எடுக்கிறவர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழைய டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கு வருகின்றன. ஷட்டர் எத்தனை ஆயிரம் ஓடியிருக்கிறது என்று கேட்டு, லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், சின்ன பிரைம் லென்ஸ் மாட்டிய ஒரு டிஎஸ்எல்ஆர் மோசமில்லை. கனமாக இருக்கும். பைக்கில் முன்பக்கம் தொங்கவிட்டுப் போகிறவருக்குக் கனம் ஒரு பொருட்டில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பெண்ணுக்குப் பொருட்டு.

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை. வெளுக்கும் முன்பே கூடிவிடும். ஆடு, கோழி, சண்டைச் சேவல் எல்லாம் வரும். போன கார்த்திகையில் ஒரு வியாழன், ஸ்கூட்டியில் போயிருந்தேன். விடியாத நேரம், டீக்கடை பல்பு வெளிச்சம் மட்டும். ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒரு பெரியவரை எடுத்தேன். தோளில் துண்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைக் கிடாய். சத்தமே வரவில்லை, ஆனால் பார்த்துவிட்டார்.

"பேப்பர்லயா தாயி போடப் போற?"

"இல்லைங்கய்யா, சும்மா எடுத்தேன்."

"சும்மா எடுத்தா எனக்கு ஒண்ணு குடு."

செல் இருக்கிறதா என்று கேட்டேன். இடுப்பு பெல்ட்டில் இருந்து பட்டன் செல்லை எடுத்துக் காட்டினார். திண்டுக்கல்லில் பிரிண்ட் போட்டு அடுத்த வியாழன் போனேன், அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் இருந்தார், வேறொரு கிடாயோடு. படத்தைக் கையில் கொடுத்தேன். பல்பு வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுக் கருப்பாவா இருக்கேன்?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "எங்கய்யா மாதிரியே இருக்கு." பிறகு கிடாயின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, படத்தைக் காட்ட டீக்கடைப் பக்கம் போனார். அவர் திரும்பி வரும்வரை, விலை கேட்டு வந்த இரண்டு பேருக்குப் பதில் சொல்லத் தெரியாமல், அந்தக் கிடாயைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.